பாய்மரமும் பற்றுச்சீட்டும்

கணவனும் மனைவியும் நல்ல உத்தியோகத்தைத் துறந்து, வீட்டை விற்று, பாய்மரப் படகொன்றை வாங்கிக்கொண்டு உலகைச் சுற்றிவரப் புறப்பட்டுவிட்டனர். இப்படியொரு செய்தி ஆண்டுக்கு ஓரிரு முறையாவது வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வழியாகப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து சேரும். ஞாயிறு இதழுக்கு ஏற்ற செய்தி. படமும் அழகாக இருக்கும். நானும் அத்தகைய செய்திகள் சிலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறேன். வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள்.

இலங்கை மலையகத்தின் வரலாற்றை ஊன்றிப் படிக்கத் தொடங்கிய பின்னர், அச்செய்திகளில் வரும் ஒரு தொடர் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 'வேலையை விட்டுவிட்டு' என்பதே அத்தொடர். அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழ்கின்ற மக்களின் முன்னோரும் கணவனும் மனைவியுமாகப் பாய்மரத் தோணியேறிக் கடல் கடந்தவர்கள்தாம். ஆனால் வேலையை விடுவது என்பது அவர்களுடைய வாழ்வில் முற்றிலும் வேறொரு பொருளைக் கொண்டிருந்தது. ஒரே கடலில் நடந்த இந்த இருவகைப் பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் கடலும்

தேயிலைத் தோட்டத்துக்கும் பாய்மரக் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு மிகப் பழையது. மஸ்கெலியாவுக்கு அப்பால் 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலை, பல நூற்றாண்டுகளாக மாலுமிகளுக்குத் திசை காட்டிய அடையாளம். 1344இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்த அரபுப் பயணி இப்னு பதூதா, நடுக்கடலில் இருந்தபோதே அம்மலையைப் புகைத்தூண் போலக் கண்டதாக எழுதி வைத்துள்ளார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியே அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் தந்து மலைக்கு அனுப்பிவைத்தார். கடலிலிருந்து மலையைக் கண்டு, மலைக்கு வந்து சேர்ந்த பயணிகளின் வரிசையில் அவர் முன்னோடி.

காற்றும் இவ்விரண்டையும் பிணைக்கிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து காலித் துறைமுகத்தில் தங்கும் பாய்மரப் படகுகள், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வீசும் வடகீழ்ப் பருவக்காற்றைப் பயன்படுத்தியே செங்கடலை நோக்கிப் புறப்படும். அதே மாதங்களில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழை குறைந்து வறண்ட குளிர் காற்று வீசும். திம்புல பகுதித் தேயிலை ஆண்டிலேயே மிகுந்த மணம் பெறுவது அப்போதுதான். வடபுலத்து மாலுமிகள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகளுக்குப் பெயரிட்டனர். ஊவாப் பகுதித் தேயிலைக்குத் தனிச்சுவையைத் தரும் ஆடி, ஆவணி மாதத்து வறண்ட காற்றை அங்கேயும் கச்சான் என்றுதான் அழைக்கின்றனர். கரையில் பாய் விரிப்பவனும் மலையில் கொழுந்து பறிப்பவளும் ஒரே காற்றின் கணக்கில் வாழ்ந்தவர்கள்.

வல்வெட்டித்துறைக்கு வந்த தம்பதி

தொழிலைத் துறந்து பாய்மரப் பயணத்தில் இறங்கியவர்களுள் தமிழர்கள் மறக்கக் கூடாத பெயர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். அமெரிக்கரான அவர் நியூயோர்க்கில் பொறியியலாளராகப் பணியாற்றியவர். 1928இல் அந்த வாழ்வை உதறிவிட்டு, ஏறத்தாழ 32 அடி நீளமுள்ள 'ஸ்வாப்' என்ற சிறு படகில் புறப்பட்டார். மூன்றரை ஆண்டுகளில் உலகைச் சுற்றி 1931இல் நியூயோர்க் திரும்பினார். அதுவரை உலகைச் சுற்றிய படகுகளில் அதுவே மிகச் சிறியது என்று புகழப்பட்டது. பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அவரைப் பிரபலமாக்கியது.

பின்னர் அவர் ஃபுளோரன்ஸ் கிரேன் என்ற பெண்ணை மணந்தார். சிக்காகோவின் பெரும் தொழில் நிறுவனமொன்றை நடத்திய கிரேன் குடும்பத்தின் மகள் அவர். புதுமணத் தம்பதி அதே படகில் கலாபகஸ் தீவுகளுக்குச் சென்றனர். 1934இல் ஆளரவமற்ற அத்தீவொன்றில் ராபின்சனுக்குக் குடல்வால் அழற்சி முற்றி உயிருக்கு ஆபத்து ஏற்பட்டது. செய்தி வானொலி வழியாக எட்டியதும், பனாமாவிலிருந்து அமெரிக்கக் கடற்படையின் விமானங்களும் போர்க்கப்பலும் மருத்துவருடன் விரைந்தன. ராபின்சன் பிழைத்தார். இந்நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1930களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்த ராபின்சன், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்மரக் கப்பல்களைக் கண்டு வியந்தார். வரைபடம் எதுவும் இன்றி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவைக் கொண்டு மேத்திரிமார் வேப்பமரத்தில் கட்டிய கப்பல்கள் அவை. பர்மாவிலிருந்து அரிசி ஏற்றி வருவது அவற்றின் முக்கியமான தொழில். 89 அடி நீளமுள்ள 'அன்னபூரணி அம்மாள்' என்ற கப்பலை அவர் விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். 1937இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட அக்கப்பல், செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் என்று கடந்து 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனை அமெரிக்காவரை கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு வல்வெட்டித்துறை மாலுமிகளுடையது. அந்த ஊர் இன்றும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்கிறது. அது நியாயமான பெருமை.

ராபின்சன் தம்பதி தனித்த உதாரணம் அல்லர். அதே காலத்தில், 1934க்கும் 1937க்கும் இடையில், ரொஜர் ஸ்ட்ரவுட் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் தம் மனைவி ஈடித்துடன் உலகைச் சுற்றினார். 1950களில் எரிக் ஹிஸ்கொக்கும் மனைவி சூசனும் சுற்றிவந்தனர். பிரித்தானிய இந்திய இராணுவத்தில் அதிகாரியாக இருந்த மைல்ஸ் ஸ்மீட்டனும் மனைவி பெரிலும் தென்னமெரிக்காவின் கொம்பு முனையை நெருங்குகையில் 1957இல் ஒரே ஆண்டில் இருமுறை படகு கவிழ்ந்தும் உயிர் தப்பினர். இவர்கள் அனைவரும் துணிச்சல் மிக்கவர்கள். அந்தத் துணிச்சலைக் குறைத்து மதிப்பிடுவது என் எண்ணமன்று.

தோணியேறிய தம்பதிகள்

இனி மலையகத்துக்கு வருவோம். 1820களில் கண்டிப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கங்காணியின் பின்னால் நடந்து கடற்கரைக்கு வந்தனர். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் ஆகிய துறைகளில் தோணியேறினர். தலைமன்னாரிலோ மன்னாரை அண்டிய கரைகளிலோ இறங்கினர். அங்கிருந்து 150 மைலளவு காட்டுவழி. மாத்தளை வரும்வரை நீர்நிலைகள் அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் அம்மைநோயும் வழியெங்கும் காத்திருந்தன. நடக்க முடியாமல் விழுந்தவரை வழியிலேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் அவ்வழியில் மடிந்தனர். 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் தொழிலாளர்களோடு கடலில் மூழ்கிய கதையை மலையக மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகின்றனர்.

நோயுற்ற ஒருவருக்காக விமானமும் போர்க்கப்பலும் சென்ற கதையை மேலே கண்டோம். மன்னார் வழியில் விழுந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்களே வந்தனர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் அழிந்தது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். ஆண்டு முழுவதும் பறிக்க ஆள் வேண்டும். பறிப்பதற்குப் பெண்களே ஏற்றவர்கள் என்று துரைமார் கருதினர். எனவே, கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு கொண்டுவந்து லயங்களில் குடியேற்றும் முறை வலுப்பெற்றது. 1884இல் புகையிரதப் பாதை அட்டனை எட்டியது. மறு ஆண்டில் நானுஓயாவை எட்டியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. பாய்மரத் தோணியின் காலம் அத்துடன் முடிந்தது. ஆனால் அத்தோணி தொடங்கிவைத்த வாழ்க்கை முடியவில்லை.

வேலையை விடுவது குற்றம்

கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. தோட்டத்துக்கு வந்து சேர்ந்த முதல் நாளிலேயே தம்பதியர் கடனாளிகள். மனைவியின் கூலியையும் பல தோட்டங்களில் கணவனிடமே கொடுத்தனர். அவனிடமிருந்து அது கங்காணியின் கணக்குக்குப் போயிற்று.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் எசமானருக்கும் வேலையாளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை வகுத்தது. அதன்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுச் செல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஓடிப்போன தொழிலாளியைப் பிடிக்கப் பிடியாணை பெறலாம். முறைப்படி விலகினாலும், துரை கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் வேறு தோட்டம் அவரை ஏற்காது. 'துண்டு' என்று இன்னொரு முறையும் இருந்தது. ஒரு கங்காணியின் கூட்டம் பட்டிருக்கும் கடன் தொகையைக் குறித்து, அதைச் செலுத்துகிற தோட்டம் அவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மனிதர்கள் கடனோடு சேர்த்துக் கைமாறினர். துண்டு முறையும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய பிரிவுகளும் 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டன.

ராபின்சன் தம் வேலையை உதறிவிட்டுப் பாய் விரித்தது 1928இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்வரை அட்டனில் ஒருவர் அவ்வாறே உதறிவிட்டுப் போயிருந்தால் அவருக்குச் சிறை காத்திருந்தது. இந்த ஒப்பீடு என் மனத்தை விட்டு அகலவில்லை.

மலைக்குப் புறப்பட்ட ஒரு தம்பதி

சட்டம் மாறியதால் மட்டும் வாழ்க்கை மாறிவிடவில்லை. தோட்டத்துக்குள் வெளியார் நுழையவே முடியாத நிலை நீடித்தது. அந்த வேலியை உடைக்க, கொழும்பு வாழ்வை விட்டுப் புறப்பட்ட தம்பதியொன்றும் மலையக வரலாற்றில் உண்டு. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களைக் குறிப்பிடுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர் பத்திரிகையாளர். கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய இதழ்களை நடத்தியவர். சட்டநிரூபண சபையில் உறுப்பினராக இருந்தவர். முதன்முறை இலங்கை வந்தபோது புடைவை வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் எழுத்தாளர். பத்திரிகைப் பணியில் கணவருக்குத் தோள் கொடுத்தவர். 1931இல் நடேசய்யர் அட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தம்பதியரின் வாழ்வு மலைக்கு இடம்பெயர்ந்தது. மீனாட்சி அம்மாள் பாரதி பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் தொழிலாளர் நடுவே பாடினார். எழுத்து வாசனை அறியாத மக்களிடம் பாட்டே பத்திரிகையாக நின்றது. 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நடேசய்யர் 1947இல் மறைந்தார். வேலையை விடவும், வேலையில் இருந்துகொண்டே உரிமை கேட்கவும் ஒரு தொழிலாளிக்கு முடியும் என்ற எண்ணத்தை மலையில் விதைத்தவர்களுள் இந்தத் தம்பதிக்கு முதலிடம் உண்டு.

கடற்பயணமே தடையான காலம்

நடேசய்யர் மறைந்த மறு ஆண்டு, 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன்படி, திருமணமானவர்கள் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர்கள் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்ததை நிறுவ வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டில் இல்லாதிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். தாய்க்கு உடல்நலமில்லை என்று ஊருக்குப் போனவர், பிள்ளைப்பேற்றுக்காகப் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சற்றே நீண்டகாலம் தங்கிவிட்டவர், சொந்தபந்தம் பார்க்கப் போய்த் திரும்பத் தாமதித்தவர், எல்லோருக்கும் அந்தக் கடற்பயணமே எதிர்ச்சாட்சியாக வந்து நின்றது. போகாதவர்களும் போகவில்லை என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. பற்றுச்சீட்டு, பிறப்புப் பதிவு, தோட்டத்துச் செக்ரோல் ஆகியவற்றைத் தேடி ஏழை மக்கள் அலைந்தனர். ஆண்டாண்டாய்த் துரையும் கங்காணியும் எழுதிய கணக்கில்தான் அவர்களுடைய வாழ்வுக்குச் சான்று இருந்தது. விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர்.

ராபின்சன் மூன்றரை ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது, நீ இந்நாட்டவன்தானா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. வீரன் என்று வரவேற்றனர்.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் அழுகையோடு ஏறியவர்கள் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். பெற்றோர் அங்கும் பிள்ளைகள் இங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1984இல் அக்கப்பல் போக்குவரத்தும் நின்றது. திரும்பியவர்களில் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வு காணும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

எழுதப்படாத பயண நூல்கள்

பாய்மரத் தம்பதிகள் எழுதிய பயண நூல்களுக்கென்று ஆங்கிலத்தில் தனி நூலக வரிசையே உண்டு. காற்று எத்திசையில் வீசியது, எந்தத் துறைமுகத்தில் என்ன உண்டனர், எந்த இரவில் அஞ்சினர் என்பதெல்லாம் பதிவாகியுள்ளன. அவற்றைப் படிக்கையில் ஓர் உண்மை தெளிவாகும். திரும்பி வருவதற்கு ஒரு நாடு, மறுபடி தொடங்குவதற்கு ஒரு தொழில், ஆபத்தில் அழைப்பதற்கு ஓர் அரசு ஆகியவை இருந்தால்தான் ஒருவர் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட முடியும். கடலில் அவர்களைச் சுமந்தது படகு மட்டுமன்று.

தோணியேறி வந்த நம் தம்பதிகள் பயண நூல் எழுதவில்லை. நாட்டார் பாடல்களில் அவர்கள் விட்டுச் சென்றவை உண்டு. மற்றபடி நமக்குக் கிடைப்பவை துரைமாரின் அறிக்கைகளும் நீதிமன்றப் பதிவுகளுமே. 2023இல், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் நிறைவுற்றது. முன்னோர் நடந்த வழியைப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் நடந்து கடந்தனர். அந்தப் பயணத்தை அவர்களே பேசினர், அவர்களே எழுதினர், அவர்களே படம் எடுத்தனர்.

இன்று தோட்டங்களை விட்டு இளைஞர்கள் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றனர். வேலையை விடுவதற்கு இப்போது தடையில்லை. போனவர் மதிப்போடு திரும்பிவர ஒரு துண்டு நிலமும் ஒரு வீட்டு உறுதியும் இருக்கின்றனவா என்பதே இன்றைய கேள்வி. அதற்கு விடை கிடைக்காமல் அந்த விடுதலை முழுமையடையாது.

உலகெங்கும் பரந்து வாழும் வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோத்தகிரியிலோ, கூடலூரிலோ, தொராந்தோவிலோ, இலண்டனிலோ, அட்டனிலோ உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய பற்றுச்சீட்டோ, குடியுரிமை விண்ணப்பத்தின் நகலோ, கப்பல் பயணச் சீட்டோ கிடந்தால் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தாத்தாவும் பாட்டியும் எந்தத் துறையில் தோணி அல்லது கப்பல் ஏறினர், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தனர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு தாள் போதும். பாய்மரக் கடற்பயண வரலாற்றில் அவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.